பழைய வேனைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும் முன்பும், தாள் கைக்கு வந்த பிறகும்

என் வேன் முதல் தடவை தகுதிச் சோதனையில் ஃபெயில் ஆனது ஹேண்ட் பிரேக்கில். வலது பின் சக்கரத்தில் பிடிப்பு போதவில்லை என்று தாளில் ஒரே வரி எழுதியிருந்தது. ஹேண்ட் பிரேக் என்றால் கேபிள்தானே என்று நினைத்து, புதுக் கேபிள் வாங்கி, அரை நாள் வண்டிக்கு அடியில் படுத்து மாற்றினேன். லீவரை இழுத்தால் கையில் நல்ல இறுக்கம். திரும்பக் கொண்டுபோனேன், அதே சக்கரம், அதே வரி. அப்புறம்தான் டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் மூடியை, கழற்றிப் பார்த்தேன். டிரம்மின் உள்பக்கத்தில் உரசிப் பிடிக்கும் வளைந்த கட்டைதான் பிரேக் ஷூ. அதன் முதுகில் ஒரு சின்ன லீவர் இருக்கும், கேபிள் இழுக்கும்போது ஷூவை வெளியே தள்ளுவது அதுதான். அதன் அச்சு துருவும் பிரேக் தூளும் சேர்ந்து கல்லாக இறுகிப் போயிருந்தது. கேபிள் இழுத்தாலும் லீவர் அசையவில்லை. துரு இளக்கும் ஆயில் விட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, அச்சில் மட்டும் பட்டும் படாமல் சூடு தாங்கும் கிரீஸ் தடவியதும் விரலால் தள்ளினாலே நகர்ந்தது. பழைய கேபிளில் ஒரு குறையும் இல்லை.

புதிதாகப் பழைய வேன் வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சோதனைத் தாள் எது சரியில்லை என்று சொல்லும், ஏன் சரியில்லை என்று சொல்லாது. அந்த இரண்டாவதைக் கண்டுபிடிக்காமல் பார்ட்ஸ் வாங்கக் கிளம்பினால் பணமும் போகும், மறுபடியும் ஃபெயில் ஆகும்.

இந்தியாவின் எஃப்.சி. என்றாலும் பிரிட்டனின் எம்.ஓ.டி. என்றாலும் இரண்டும் தகுதிச் சோதனைதான், நாட்டுக்கு நாடு பெயரும் படிவமும் அளவுகளும்தான் மாறும், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பவர் தேடுவது ஏறக்குறைய ஒன்றேதான்: விளக்கு, டயர், பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், துரு, புகை. நீங்கள் போகும் இடத்தின் விதிகளை ஒரு தடவை படித்துவிடுங்கள். மற்றதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் முன்னால் தொடங்குங்கள்

சோதனைக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பார்க்காதீர்கள். ஏதாவது கண்ணில் பட்டால் சரிசெய்ய நேரம் இருக்காது, சரி பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே கொண்டுபோகத் தோன்றும். ஒரு வாரம் இருக்கும்போதே வேனின் பின்பக்கத்தைக் காலி செய்யுங்கள், தரை விரிப்பையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் வேன்களில் துரு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த விரிப்புக்கும் பலகைக்கும் கீழேதான். அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சேறு அப்பியிருந்தால் சோதனை செய்பவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடிப்பக்கம் பார்க்க முடியாத அளவுக்கு அழுக்காக இருந்தால் சோதிக்க மாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் உண்டு. கழுவும்போதே சேஸிஸ் எண்ணைத் தேடிப் பிடித்து, துரு மூடியிருந்தால் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்துப் படிக்கிற மாதிரி ஆக்கிவையுங்கள். கிரைண்டர் மட்டும் வைக்காதீர்கள், எண்ணே அழிந்துவிட்டால் அது வேறு பெரிய தலைவலி.

விளக்கு

ஆளில்லாமல் தனியாகப் பார்க்க வேண்டுமானால் இருட்டிய பிறகு வேனைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துங்கள், பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் எல்லாம் சுவரில் தெரியும். நம்பர் பிளேட் விளக்கை மறந்துவிடாதீர்கள், பலரும் கோட்டைவிடுவது அந்தச் சின்ன பல்பில்தான். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது.

பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட்டோடு சேர்ந்து இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது, அல்லது இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கு துடிக்கிறது என்றால் பல்பு வாங்காதீர்கள். அது எர்த் பிரச்சினை, அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில் கோளாறு. வேனின் பின் விளக்குகளுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம். விளக்கைக் கழற்றி, பல்பு உட்காரும் ஹோல்டர் தகட்டைப் பாருங்கள், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மின்சாரம் எர்த் வழியாகத் திரும்பிப் போக முடியாமல் பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால்தான் இரண்டும் சேர்ந்து எரிகின்றன. களிம்பைச் சுரண்டி, எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்டைக் கழற்றி, அந்த இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்துத் திரும்ப இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஹெட்லைட்டில் இரண்டு விஷயம். கண்ணாடி மஞ்சளாகிப் போயிருந்தால் வெளிச்சம் சிதறும், பாலிஷ் போட்டால் தெளியும். அடுத்தது, வெளிச்சம் அடிக்கும் உயரம். நிறைய வேன்களில் ஹெட்லைட்டின் மேலேயே அல்லது அதற்குப் பக்கத்திலேயே ஒரு சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். ஒரு சதவீதம் என்றால் பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும் என்று பொருள். சமதளத்தில் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தினால், டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். டாஷ்போர்டில் உயரத்தை மாற்றும் திருகு இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் சொருகியிருந்தால் கழற்றிவிடுங்கள், பல நாடுகளில் அதை ஏற்பதில்லை, எதிரே வருபவரின் கண்ணையும் அது கூசச் செய்கிறது.

டயர்

பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேல்பரப்பின் ரப்பர் கட்டைகள், தேய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மேட்டின் அளவுக்கு இறங்கிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. பல நாடுகளில் சட்ட அளவும் அதுவேதான். ஆனால் வேனில் வேறு ஒன்று முக்கியம், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பது. டயரின் பக்கவாட்டில் 195/70 ஆர்15 சி 104/102 என்கிற மாதிரி எழுதியிருக்கும். அந்த ‘சி’ சரக்கு வண்டிக்கான டயர் என்பதைக் காட்டுகிறது, 104 என்றால் அந்த ஒரு டயர் 900 கிலோ தாங்கும். கார் டயரில் சாதாரணமாகப் பார்க்கும் 91 என்பது 615 கிலோதான். அளவு பொருந்துகிறதே என்று முந்தைய உரிமையாளர் கார் டயரை மாட்டியிருக்கக்கூடும். சோதனையில் பிடிபட்டால் ஃபெயில், பிடிபடாமல் போய் முழு லோடோடு வேகமாகப் போகும்போது வெடித்தால் இன்னும் மோசம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் தனியாக ஒரு கட்டத்துக்குள் இருக்கும், 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வேனில் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், பக்கச் சுவரில் மட்டும் மயிரிழை வெடிப்புகள் ஓடும். வெளிப்பக்கம் பார்த்துவிட்டு நிறுத்தாமல் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி உள்பக்கத்தையும் பாருங்கள். உள் விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தால் புது டயர் போட்டு மட்டும் பயனில்லை. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறியிருக்கிறது, அல்லது கீழே ஏதோ ஒரு புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) போயிருக்கிறது. காரணம் அங்கே இருக்கிறது.

ஆட்டம்

முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகுதான் மற்ற வேலை. வேன் கனமானது, நழுவினால் நகர்ந்துகொள்ள நேரம் தராது.

சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ‘டக்’ என்று ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள எளிதான வழி உண்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால், ஸ்டியரிங் கம்பி சக்கரத்தில் சேரும் மூட்டான டை ராட் எண்டின் தேய்மானம் தெரியும். ஸ்டியரிங்கை ஒருவர் லேசாக இப்படியும் அப்படியும் திருப்ப, நீங்கள் ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் விரலை வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

ரப்பர் உறைகள் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் வட்டமாகக் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையான ஆக்சில் பூட் கிழிந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அதுவும் ஃபெயிலுக்குப் போகும்.

பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வேன் என்றால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வருடக்கணக்கில் பாரம் சுமந்த பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தாலும் வண்டி ஓடும், உங்களுக்குத் தெரியாது. சமதளத்தில் நிறுத்திப் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சந்தேகம் வர வேண்டும். பட்டைகளின் நுனியும், யு போல்ட் இறுக்கியிருக்கும் நடுப்பகுதியும் உடையும் இடங்கள். வெடிப்பு துருவோடு கலந்து ஒரு கோடு மாதிரிதான் தெரியும், கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

பிரேக்

உருளைகளின் மேல் சக்கரத்தை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியாக அளப்பார்கள். ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஃபெயில். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் பலவீனமான சக்கரம் மற்றதன் 70 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக் தனியாக, வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் 16 சதவீதம் அளவுக்குப் பிடிக்க வேண்டும்.

பின் பிரேக் சமமில்லை என்று தாளில் வந்தால் காரணம் நான்கைந்து வகையாக இருக்கலாம். பிரேக் ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகி ஷூ நனைந்திருக்கலாம். ஆக்சில் சீல் போய் ஆக்சில் ஆயில் டிரம்முக்குள் இறங்கியிருக்கலாம். இரண்டும் நனைந்த ஷூதான், ஆனால் வேலை வேறு. பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும், பெயிண்டை உரித்துவிடும். ஆக்சில் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும், பிறகு கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். டிரம் தட்டி பிரேக் தூளை வாயால் ஊதாதீர்கள், பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெயில் ஊறிய ஷூவைக் கழுவித் திரும்பப் போடவே கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். அது எதுவும் இல்லை, ஷூ காய்ந்து பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகிப்போய் ஷூ டிரம்மை ஒழுங்காகத் தொடாமலே வருடக்கணக்கில் ஓடியிருக்கும்.

வேன்களுக்கென்றே இருக்கும் ஒரு பார்ட் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. பின் ஆக்சிலுக்கு மேலே, பாடியில் ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறி வண்டி பின்னால் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடுவதும், காலியாக இருந்தால் குறைப்பதும் அதன் வேலை. துருப்பிடித்து ஒரே நிலையில் நின்றுவிட்டால் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே அளவில் பலவீனமாகக் காட்டும், டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். இன்னொன்று, அதிக லோடு ஏற்ற வேண்டும் என்று பின்னால் கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்திவிட்டால், முழு லோடு இருக்கும்போதுகூட வண்டி காலியாக இருப்பதாக இந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில் குறைவாகப் பிடிக்கும். உயர்த்திய வேன் வாங்கியிருந்தால் இதை மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்கள்.

இரும்பு பிரேக் பைப்புகளை முழு நீளமும் விரலால் தடவிப் பாருங்கள், கிளிப்புகளுக்குள்ளும் டேங்குக்கு மேலும் ஓடும் பகுதிகள்தான் முதலில் அரிக்கும். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் லோடோடு வரும்போது பெடல் திடீரென்று ஆழமாக இறங்குவது இதனால்தான்.

துரு

இதில் யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து ஸ்லைடிங் கதவின் கீழ்த் தண்டவாளம், கதவுப்படியின் அடிப்பெட்டி, சேஸிஸ் நீள்கட்டையில் ஸ்பிரிங் மாட்டும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று கணீரென்று சொல்லும், அரித்த தகடு ‘தொப்’ என்று செத்த சத்தம் கொடுக்கும். நான் ஒரு வேனைப் பார்த்தபோது கதவுப்படி புதுப் பெயிண்டில் மின்னியது, தட்டியதும் சத்தம் மாறியது. ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்தினேன், பட்டி ஒரு கைப்பிடி அளவுக்குப் பெயர்ந்து வந்தது, அதற்குப் பின்னால் செய்தித்தாளை மடித்துத் திணித்திருந்தார்கள். அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் சீட் பெல்ட் போல்ட்.

மேல் தகட்டில் இருக்கும் துரு அழகைத்தான் கெடுக்கும், சோதனையில் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் ஒழிய. எடை தாங்கும் இடத்தில் ஓட்டை விழுந்தால் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. வெல்டிங் செய்யும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், டேங்க் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

புகை

டீசல் வேனில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து, எஞ்சினை அதன் உச்ச வேகம் வரை விட்டு, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அளப்பார்கள். அதனால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை அப்படியே கொண்டுபோகாதீர்கள், அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், ஆயில் அளவைப் பாருங்கள், சோதனைக்குப் போகும்போது அரை மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டில் கொண்டுபோங்கள். நகரத்துக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்த வேனில் சைலன்சருக்குள் கரி படிந்திருக்கும், அந்த ஓட்டத்தில் பாதி வெளியே போய்விடும். அதற்குப் பிறகும் கருப்பாக வந்தால் நாசில், டர்போ குழாயில் காற்றுக் கசிவு என்று தேட வேண்டும்.

பெட்ரோல் வேனில் காற்று எரிபொருள் விகிதம் தவறு என்று வந்தால் எஞ்சினில் கை வைப்பதற்கு முன் சைலன்சர் இணைப்புகளைப் பாருங்கள். ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டாலே மீட்டர் தப்பான எண்ணைக் காட்டும்.

மற்றவை சட்டென்று முடியும். சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் முழுசாக இழுத்து நூல் பிரிந்திருக்கிறதா பாருங்கள், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். வைப்பர், கண்ணாடிக்குத் தண்ணீர் அடிப்பது, ஹார்ன், கண்ணாடிகள், கதவுகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறப்பது, டேங்க் மூடி. ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் சாவி போட்டதும் எரிந்து அணைய வேண்டும். அணையாத விளக்கின் பல்பைக் கழற்றிவிடும் யோசனை சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், அது எரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

தாள் வந்த பிறகு

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் குறைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: சிறு குறை, பெரும் குறை, ஆபத்தான குறை. சிறு குறை இருந்தாலும் பாஸ், பெரும் குறை என்றால் ஃபெயில், ஆபத்தான குறை என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது. உங்கள் ஊரில் வகை வேறாக இருக்கலாம், ஆனாலும் கையில் வாங்கியதும் சோதனை செய்தவரிடமே போய், இதை எனக்குக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் காட்டுவார்கள். எந்தச் சக்கரம், எந்தப் பக்கம், மீட்டரில் வந்த எண் எவ்வளவு என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை குறையும்.

பிறகு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். முன் டயர் உள்பக்கம் தேய்மானம், கீழ் ஆர்ம் புஷ் தளர்வு, ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று மூன்று வரி இருந்தால் அவை மூன்று வேலை இல்லை, ஒரே மூலையில் நடக்கும் ஒரே கதை. புஷ் முதலில், பிறகு ஜாயின்ட், அதற்குப் பிறகு அலைன்மென்ட், கடைசியாக டயர். வரிசையை மாற்றினால் புது டயரும் அதே மாதிரி தேயும். செலவை மொத்தமாகக் கூட்டுவதற்கு முன் துரு வரியை மட்டும் தனியே எடுத்து, வெல்டிங் செய்பவர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். பிரேக்குக்கும் ஜாயின்ட்டுக்கும் ஆகும் செலவுக்கு எல்லை உண்டு, துருவில் மட்டும் வெட்டிப் பார்க்கும்வரை எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியாது. சேஸிஸ் இரண்டு மூன்று இடங்களில் அரித்திருந்தால் மற்ற பார்ட்ஸ் எதையும் வாங்காதீர்கள்.

பாஸ் ஆன தாளிலும் கவனிக்கச் சொல்லி எழுதிய வரிகள் இருக்கும். அவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வேனிலேயே வையுங்கள். ‘பிரேக் பைப்பில் லேசான துரு’ என்று இந்த வருடம் எழுதியது, அடுத்த வருடம் ஃபெயிலாக வரும். மறுசோதனைக்குக் கெடு நாள் இருந்தால் அதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, வேன் பாஸ் ஆகும்வரை ஒரு பையில் போட்டு வைத்திருங்கள்.